ஹாட் ராட் காரும் அலுமினிய ரேடியேட்டரும்

நாள்தோறும் மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டுள்ள நமக்குச் சில ஆங்கிலச் சொற்கள் எளிதில் வசப்படுவதில்லை. 'ரேடியேட்டர்' என்பது அவற்றுள் ஒன்று. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'கதிர்வீச்சி' என்றாகும். ஆயினும், மோட்டார் வண்டியின் முகப்பில் அமைந்துள்ள அக்கருவி கதிர்வீச்சின் மூலம் வெளியேற்றும் வெப்பம் மிகச் சிறிதே. நீரின் வெப்பம் குழாயின் சுவருக்கும், சுவரிலிருந்து மெல்லிய தகடுகளுக்கும், தகடுகளிலிருந்து அவற்றினூடே பாயும் காற்றுக்கும் கைமாறிச் செல்வதே அங்கு நிகழும் காரியம். காற்று நின்றால் அக்கருவியின் வேலையும் நின்றுவிடும். இவ்வொரு கருத்தை மனத்தில் இருத்திக்கொண்டால் நாம் இங்கே சொல்லப் போவதில் பாதி விளங்கிவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், மே மாதத்து நண்பகல் ஒன்றில், தில்லியில் ஒரு ரயில்வே கேட்டின் முன் நண்பர் ஒருவரின் பழைய காரில் நாம் காத்திருக்க நேர்ந்தது. அந்தக் காருக்கு அவர் அண்மையில்தான் பளபளக்கும் அலுமினிய ரேடியேட்டர் ஒன்றை வாங்கிப் பொருத்தியிருந்தார். கேட்டு மூடிய ஐந்தாறு நிமிடங்களில் வெப்பமானியின் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டியது. முகப்பிலிருந்து ஆவி சீறியது. நண்பர் பதற்றத்துடன் இறங்கி ரேடியேட்டரின் மூடியைத் திறக்கக் கையை நீட்டினார். பக்கத்தில் நின்ற லாரியின் ஓட்டுநர் பாய்ந்து வந்து, "பாபுஜி, கையை எடுங்கள்! முகமெல்லாம் வெந்துபோகும்" என்று அவருடைய கையைப் பற்றி இழுத்தார். அன்று அந்த மனிதர் அங்கே இல்லாவிடில் நண்பரின் முகம் என்னவாகியிருக்குமோ! எஞ்சின் ஆறிய பிறகு அவரே பார்த்துக் காரணத்தையும் சொன்னார். ரேடியேட்டரில் குற்றமில்லை, விசிறி அதற்கு ஒரு சாண் தொலைவில், சுற்றிலும் உறை எதுவுமின்றி, எஞ்சினின் வெந்த காற்றையே திரும்பத் திரும்பக் கடைந்துகொண்டிருந்தது. கைப்பொருளைச் செலவிட்டு நல்ல உலோகத்தை வாங்கியவர் காற்றுக்கு வழி செய்ய மறந்துவிட்டார்.

இப்பிழை எங்கும் நேரக்கூடியதே. எனினும், இதன் இயல்பைத் தெளிவாக அறிய வேண்டுமானால் அமெரிக்க நாட்டின் 'ஹாட் ராட்' கார்களைப் பார்ப்பது நலம். ஏனெனில், சிறிய முகப்பும் பெரிய எஞ்சினும் ஒன்றுசேரும் இடம் அதுவே.

ஹாட் ராட் என்பது பழைய காரைப் பிரித்து, வேண்டாதவற்றைக் கழற்றி எடையைக் குறைத்து, எஞ்சினின் ஆற்றலைப் பெருக்கி, உரிமையாளர் தம் கையாலேயே புதுக்கிக்கொள்ளும் வண்டியாகும். தெற்குக் கலிபோர்னியாவின் இளைஞர்கள் 1930-களில் மியூராக், எல் மிராஜ் முதலிய வறண்ட ஏரிப் படுகைகளில் இத்தகைய கார்களை ஓட்டி வேகத்தை அளந்து பார்த்தனர். அவர்களுடைய மன்றங்கள் கூடி 1937-ஆம் ஆண்டில் தெற்குக் கலிபோர்னியா நேரக்கணிப்புச் சங்கத்தை நிறுவின. 1948-ஆம் ஆண்டு ஜனவரியில் 'ஹாட் ராட்' என்ற பெயரிலேயே ஓர் இதழும் தோன்றிற்று. அவர்கள் பெரிதும் விரும்பியது 1932-ஆம் ஆண்டின் ஃபோர்டு கார். எட்டு சிலிண்டர்களை 'வி' வடிவில் கொண்ட எஞ்சினை எளியோரும் வாங்கத்தக்க விலையில் முதன்முதல் அளித்தது அதுவே. அந்த எஞ்சினின் அளவு 221 கன அங்குலம். ஆற்றல் 65 குதிரைத்திறன்.

அந்த எஞ்சினுக்கு ஒரு பிறவிக் குறை உண்டு. எரிந்த புகை வெளியேறும் வழிகள், நீர் சூழ்ந்த எஞ்சின் கட்டையின் ஊடாகவே செல்கின்றன. ஆகவே புகையோடு போக வேண்டிய வெப்பத்தில் ஒரு பகுதி நீரில் ஏறிவிடுகிறது. இரண்டு நீர்ப் பம்புகள் இருந்தும் இக்குறை முற்றும் தீரவில்லை. தொடக்கத்தில் எஞ்சினின் தலைப்பகுதியில் நின்று வெந்நீரை இழுத்துக்கொண்டிருந்த அப்பம்புகளை, 1937-ஆம் ஆண்டில் கீழே இறக்கிக் குளிர்ந்த நீரைத் தள்ளுமாறு ஃபோர்டு நிறுவனம் மாற்றியமைத்ததும் இது பற்றியே.

1955-ஆம் ஆண்டில் செவர்லே நிறுவனம் 265 கன அங்குல அளவில் சிறிய, எடை குறைந்த வி-8 எஞ்சினை வெளியிட்டது. பின்னர் அதே குடும்பத்தில் 350 கன அங்குல எஞ்சினும் வந்தது. ஹாட் ராட் கட்டுவோர் இவற்றைப் பழைய ஃபோர்டின் உடலில் பொருத்தலாயினர். 65 குதிரைத்திறனுக்கென்று அமைந்த குறுகிய முகப்பின் பின்னே இப்பொழுது 300 குதிரைத்திறன் எஞ்சின் உட்காரலாயிற்று. முகப்பை அகலமாக்கலாமே எனில், அந்த முகப்பின் வடிவழகுக்காகவே காரை விரும்புவோர் அதற்கு இசையமாட்டார்கள். சன்னல் அதே அளவு. உள்ளே மூட்டிய அடுப்போ பெரிது. இதுவே சிக்கலின் வேர்.

இங்கே பந்தயக் காரையும் தெருவில் ஓடும் காரையும் பிரித்தறிதல் வேண்டும். ஏரிப் படுகையில் ஓடும் கார் சில நிமிடங்கள் பாய்ந்தோடி நின்றுவிடும். அதற்கு ரேடியேட்டரே வேண்டாம் என்று, ஒரு தொட்டி நிறையத் தண்ணீரை மட்டும் வைத்துக்கொண்டு ஓடியவர்களும் உண்டு. தெருவில் ஓடும் காரின் நிலை வேறு. 1970-ஆம் ஆண்டில் இல்லினாய் மாநிலத்தின் பியோரியா நகரில் தெரு ஹாட் ராட்களுக்கென்றே தேசிய அளவில் முதல் கூட்டம் நடைபெற்றது. அத்தகைய கூட்டங்களுக்குக் குடும்பத்துடன் நெடுந்தொலைவு செல்லும் கார், ஊர் எல்லையை அடைந்ததும் நெரிசலில் சிக்கி அங்குலம் அங்குலமாக நகர வேண்டியிருக்கும். அதற்கு உண்மையான சோதனை ஓடும்போது அன்று, நிற்கும்போதே. ரேடியேட்டரைத் தேர்ந்தெடுப்பவர் முதலில் எண்ண வேண்டியது இதுவே.

இதன் கணக்கைச் சற்றுப் பார்ப்போம். பெட்ரோலில் அடங்கிய ஆற்றலில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரையே வண்டியை இழுக்கும் வேலையாகிறது. எஞ்சியதில் ஒரு பெரும் பகுதி புகையோடு வெளியேற, மற்றொரு பெரும் பகுதி நீரைச் சேருகிறது. அந்நீரின் வெப்பத்தைக் காற்றுத்தான் ஏந்திச் செல்ல வேண்டும். ஒரு லிட்டர் நீர் ஒரு டிகிரி குளிர வேண்டுமானால், ஏறக்குறைய 3,500 லிட்டர் காற்று ஒரு டிகிரி சூடாக வேண்டும். காற்று எவ்வளவு எளிய சுமைகூலி என்பதை இதனால் உணரலாம். வண்டி மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் ஓடும்போது எதிர்காற்றே போதிய அளவில் உட்புகும். நிற்கும்போது எஞ்சின் எரிக்கும் பெட்ரோல் குறைவே; ஆயினும் எதிர்காற்று அறவே இல்லை. அப்பொழுது விசிறி ஒன்றே துணை.

வெளிக்காற்றின் வெப்பமும் கணக்கில் சேரும். நீர் 90 டிகிரியிலும் காற்று 25 டிகிரியிலும் இருந்தால் இடைவெளி 65 டிகிரி. காற்று 45 டிகிரியாக ஏறினால் இடைவெளி 45 ஆகச் சுருங்கிவிடும். வெப்பம் வெளியேறும் அளவு இவ்விடைவெளியைப் பொறுத்தே அமைவதால், அதே ரேடியேட்டர் முன் செய்த வேலையில் ஏறக்குறைய பத்தில் மூன்று பங்கை இழந்துவிடுகிறது. காரினுள் குளிர்சாதனம் இருந்தால், முன்னே நிற்கும் அதன் கண்டென்ஸரைக் கடந்து வரும் காற்று மேலும் சூடாகியே ரேடியேட்டரைத் தொடும். ஆகவே வசந்த காலத்துக் காலை வேளையில் ஓட்டிப் பார்த்து மனநிறைவு கொள்வது போதாது.

இனி உலோகத்தைப் பற்றிக் கூறுவோம். வெப்பத்தைக் கடத்துவதில் செம்பே சிறந்தது. அலுமினியத்தின் கடத்துதிறன் செம்பினுடையதில் ஏறக்குறைய 60 விழுக்காடுதான். அவ்வாறாயின் அலுமினியத்தை நாடுவானேன்? காரணம் உலோகத்தின் தன்மையில் மட்டுமின்றி, அதைக் கொண்டு கட்டும் முறையிலும் அடங்கியுள்ளது. பழைய முறை ரேடியேட்டரில் குழாய்கள் பித்தளையாலும் தகடுகள் செம்பாலும் ஆனவை. இரண்டையும் ஈயம் கலந்த பற்றாசு பிணைக்கிறது. பித்தளை செம்பைப் போல வெப்பத்தைக் கடத்துவதில்லை. பற்றாசு அதனினும் தாழ்ந்தது. மேலும், மென்மையான பித்தளைக் குழாய்களை அகலமாகச் செய்தால் அழுத்தத்தால் உப்பிவிடும். ஆதலால் அவை சாதாரணமாக அரை அங்குலத்தையொட்டிய அகலமே உடையவை. அலுமினியக் குழாய்களையோ ஓர் அங்குலமும் அதற்கு மேலும் அகலமாகச் செய்யலாம். அவை தகடுகளோடு உலையில் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்டு ஒரே உடலாகின்றன. ஓர் அங்குலக் குழாய்கள் இரண்டு வரிசை, அரை அங்குலக் குழாய்கள் நான்கு வரிசைக்கு நிகரான தொடுபரப்பைத் தந்து, காற்றுக்குக் குறைந்த தடையாகவும் நிற்கின்றன. அலுமினியத்தின் அடர்த்தி செம்பினுடையதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே. எனவே காரின் முன்புறச் சுமையும் குறைகிறது. 1960-களின் தொடக்கத்திலேயே செவர்லே நிறுவனத்தின் கார்வெட் காரில் அலுமினிய ரேடியேட்டர் இடம்பெற்றதை இங்கு நினைவுகூரலாம். முகப்பைப் பெரிதாக்க இயலாத இடத்தில், அதே சன்னலின் வழியே கூடுதலான வெப்பத்தை வெளியேற்ற உதவுவதே ஹாட் ராட் காருக்கு அலுமினியத்தால் விளையும் மெய்யான பயன்.

பழைய முறைக்கும் ஒரு சிறப்பு உண்டு. பித்தளைக் குழாயில் ஓட்டை விழுந்தால் பற்றாசு வைக்கத் தெரிந்த தொழிலாளி எவரும் அதை அடைத்துக் கொடுப்பார். அலுமினியத்தை ஒட்டுவதற்குத் தனிப்பட்ட வெல்டிங் கருவியும் தேர்ந்த கையும் வேண்டும். நெடும்பயணம் செல்பவர் இதையும் எண்ணிப் பார்த்தே முடிவு செய்தல் வேண்டும்.

தேர்ந்தெடுக்கும்போது முதலில் நோக்க வேண்டியது முகப்பரப்பு. முகப்பு இடங்கொடுக்கும் அளவுக்கு அகலமும் உயரமும் உள்ள ரேடியேட்டரே சிறந்தது. காரின் தோற்றத்தைத் தாழ்த்துவதற்காக அதன் உயரத்தை வெட்டிக் குறைப்பவர் குளிர்ச்சியையும் வெட்டிக் குறைக்கிறார். முகப்பரப்புப் போதாமற்போனால் வரிசைகளை மேலும் மேலும் அடுக்கிச் சரிசெய்யலாம் என்று எண்ணுவது தவறு. முதல் வரிசையில் சூடான காற்றுத்தான் அடுத்த வரிசையைச் சேரும். ஆகவே பின்வரிசைகளால் ஆகும் பயன் படிப்படியாகக் குறையும். தகடுகளை மிகவும் நெருக்கமாக அமைத்தாலும், வேகமாக ஓடும்போது நன்மை தரக்கூடுமேயன்றி, நிற்கும்போது விசிறியின் காற்றுக்குத் தடையாகும். தெருவில் ஓடும் காருக்கு அகன்ற குழாய்கள் இரண்டு வரிசையும், அங்குலத்துக்குப் பதினான்கு அல்லது பதினாறு தகடுகளும் சாதாரணமாகப் போதும்.

அடுத்தது நீர் செல்லும் திசை. குறுகி உயர்ந்த 1932 ஃபோர்டின் முகப்புக்கு, மேலிருந்து கீழே நீர் இறங்கும் அமைப்பே பொருந்தும். பக்கவாட்டில் நீர் செல்லும் அமைப்பு அகன்ற முகப்புள்ள கார்களுக்கு உரியது. நீரை ஒரு முறை அங்கும் மறுமுறை இங்குமாக இரு தடவை செலுத்தும் ரேடியேட்டர்களும் கிடைக்கின்றன. ஆயினும் அவை நீரின் ஓட்டத்துக்குத் தடையை மிகுதியாக்குவதால், வலிமை மிக்க பம்பு இல்லாத தெருக் காருக்கு ஏற்றவையல்ல. நீர் புகும் வாயும் வெளியேறும் வாயும் எஞ்சினுக்கு இசைந்த இடத்தில் உள்ளனவா என்பதையும் பார்க்க வேண்டும். பழைய ஃபோர்டு வி-8 எஞ்சினுக்கு மேலே இரண்டும் கீழே இரண்டுமாக நான்கு வாய்கள் தேவை. செவர்லே எஞ்சினுக்கு மேலொன்றும் கீழொன்றும் போதும். தானாகக் கியர் மாறும் காராக இருந்தால், அதன் எண்ணெயைக் குளிர்விக்கும் குழாய் ரேடியேட்டரின் தொட்டிக்குள் அமைந்துள்ளதா என்று கேட்டறிவது அவசியம்.

மூன்றாவது விசிறி. தில்லி ரயில்வே கேட்டின் முன் நாம் கற்ற பாடம் இதுவே. விசிறி ரேடியேட்டருக்கு ஓரிரு அங்குலத் தொலைவில் இருத்தல் வேண்டும். ரேடியேட்டரின் முழு முகத்தையும் தழுவிய உறை ஒன்று அதைச் சூழ்ந்திருத்தல் வேண்டும். உறை இல்லாத விசிறி தன் முன்னுள்ள வட்டத்தின் வழியே மட்டும் காற்றை இழுக்கும், மூலைகள் வீணாகும். எஞ்சினால் சுழலும் விசிறியானால், இலைகளின் பாதி உறைக்குள்ளும் பாதி வெளியிலுமாக அமைப்பது வழக்கம். மின்விசிறியை மேற்கொண்டால் அது ரேடியேட்டரின் பின்னின்று காற்றை இழுப்பதாக இருப்பது நலம். பெரிய மின்விசிறி 20 முதல் 30 ஆம்பியர் வரை மின்சாரம் கொள்ளும். பழைய ஃபோர்டின் 6 வோல்ட் டைனமோ அதைத் தாங்காது. மின்கம்பிகளை மாற்றி இணைத்து, விசிறி எதிர்த்திசையில் சுழன்று, வரும் காற்றை வெளியே தள்ளிக்கொண்டிருந்த கதைகளும் உண்டு. ஒரு துண்டுக் காகிதத்தை ரேடியேட்டரின் முன் பிடித்தால் உண்மை தெரிந்துவிடும். அது உள்ளே ஒட்டிக்கொள்ள வேண்டும். உட்புகுந்த காற்று வெளியேறவும் வழி வேண்டும். எஞ்சின் மூடியின் பக்கத் தகடுகளில் ஹாட் ராட் காரர்கள் பிளவுகளை வெட்டுவது அழகுக்காக மட்டும் அன்று.

நான்காவது மூடி. சாதாரண அழுத்தத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் நீர், சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தமுள்ள மூடியின் கீழ் ஏறக்குறைய 121 டிகிரியில்தான் கொதிக்கும். கிளைக்கால் பாதியும் நீர் பாதியும் கலந்தால் அது 129 டிகிரி வரை உயரும். கொதிக்காமல் அடங்கியிருக்கும் இந்நீர்தான் மூடியைத் திறந்த அக்கணமே ஆவியாகிச் சீறுகிறது. லாரி ஓட்டுநர் கையைப் பற்றி இழுத்ததன் காரணம் இதுவே. எஞ்சின் நன்றாக ஆறி, மேல் ரப்பர்க் குழாயை அழுத்தினால் தளர்ந்து கொடுக்கும் வரை மூடியைத் தொடலாகாது. நீர் விரைந்து ஓடினால் குளிர நேரமில்லை என்று கருதித் தடைகளை வைப்போரும் உளர். அது பிழை. விரைந்து ஓடும் நீர் விரைவில் மீண்டும் திரும்பி வருகிறது. வெப்ப மாற்றம் அதனால் குறைவதில்லை. தெர்மாஸ்டாட்டைக் கழற்றி எறிவதும் மருந்தாகாது.

ஐந்தாவது அரிப்பு. அலுமினியத்தின் பகைவன் வெப்பமன்று. கெட்ட நீரும் வழிதவறிய மின்சாரமும் ஆகும். குழாய் நீரில் உள்ள உப்புக்கள் அதை அரிக்கும். ஆகையால் காய்ச்சி வடித்த நீரும், அலுமினியத்துக்கு ஏற்ற காப்பு மருந்து சேர்ந்த கிளைக்காலும் வேண்டும். கிளைக்கால் இனிப்புச் சுவையுள்ள நஞ்சு. குழந்தைகளுக்கும் வீட்டு விலங்குகளுக்கும் எட்டாதபடி அதை வைத்தல் கடமை. மின்சாதனங்களின் திரும்பும் மின்னோட்டத்துக்குச் சரியான கம்பி இல்லாவிடில், அது நீரின் வழியே பாய்ந்து சில மாதங்களிலேயே ரேடியேட்டரைத் துளைத்துவிடும். வோல்ட்மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் எதிர்முனையில் வைத்து, மற்றதை உலோகத்தில் படாமல் நீரில் மட்டும் நனைத்துப் பார்க்கலாம். எஞ்சின் ஆறியிருக்கும்போதே மூடியைத் திறந்து இச்சோதனையைத் தொடங்க வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. முள் 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கம்பி இணைப்புக்களைச் சீர்படுத்த வேண்டும்.

வாங்கும் வேளையில் மூட்டுகளை உற்றுநோக்குதல் நன்று. குழாய்களும் தொட்டிகளும் முழுவதும் உலோகத்தாலேயே இணைந்திருக்க வேண்டும். பசையிட்டு ஒட்டியவை அதிர்வைப் பல்லாண்டு தாங்குவதில்லை. காரின் சட்டம் சாலையில் சிறிது முறுகவே செய்யும். ரேடியேட்டரை அதில் இறுக முடுக்கினால் அலுமினியம் களைத்துப் பிளந்துவிடும். ரப்பர் மெத்தைகளின் மேல் அமர்த்துவதே முறை.

இறுதியாக, வண்டி சூடேறினால் காரணத்தைக் கண்டறிய எளிய வழி ஒன்று உண்டு. நிற்கும்போது சூடேறி, ஓடும்போது தணிந்தால் குறை காற்றில். விசிறியையும் உறையையும் பாருங்கள். நிற்கும்போது அமைதியாக இருந்து, விரைந்து ஓடும்போது சூடேறினால் குறை நீரோட்டத்தில் அல்லது ரேடியேட்டரின் அளவில். பம்பையும், உறிஞ்சப்பட்டுச் சப்பிப்போகும் கீழ் ரப்பர்க் குழாயையும் பாருங்கள். இந்த விதி கலிபோர்னியாவின் ஹாட் ராட் காருக்கு மட்டும் உரியதன்று. தில்லியிலோ நாகபுரியிலோ ஆமதாபாத்திலோ, கோடை விடுமுறையில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு பழைய காரில் புறப்படும் நம்மவர் அனைவருக்கும் அது பொருந்தும்.

நண்பர் பின்னர் அந்த அலுமினிய ரேடியேட்டரை மாற்றவில்லை. ஒரு தகரத் தொழிலாளியைக் கொண்டு உறை ஒன்று செய்து, விசிறியை முன்னே தள்ளி அமைத்தார். செலவு சிறிது. அடுத்த மே மாதத்தில் அதே கேட்டின் முன் நாம் மீண்டும் காத்திருந்தோம். முள் நடுவிலேயே நின்றது. ரயில் கடந்தது, கேட்டு திறந்தது, நாமும் எமது வழியே சென்றோம்.